படுத்துப் பார்த்தவன் வரையட்டும்!

அயோத்தியாப்பட்டணத்துக்குப் பெயரிலே பட்டணம் உண்டு, அலையோசைதான் கிடையாது. ஆத்தூர்ச் சாலையில் நின்றுகொண்டு கப்பலைப் பற்றிப் பேசுகிறானே என்று சிரிக்காதீர், தோழர்களே! 1967 ஜூலை 23இல் அறிஞர் அண்ணா எழுச்சி நாள் நடத்தச் சொன்னாரே, அன்று நாம் கேட்டவை எவை? சேலத்துக்கு உருக்காலை, சேதுக் கால்வாய், தூத்துக்குடித் துறைமுகம்! இரும்பையும் கடலையும் ஒரே மூச்சில் கேட்ட இயக்கம் இது.

2025இல் தூத்துக்குடியில் கப்பல் கட்டும் தளங்கள் அமைக்கப் புரிந்துணர்வு ஒப்பந்தங்களும் ஆயின. மகிழ்ச்சி. ஆனால் கேட்கிறேன்: கப்பலை வரைபவன் யார்? அதற்குள்ளே மாதக்கணக்கில் வாழ்பவன் யார்?

வெள்ளையன் காலத்தில் வெள்ளை மாலுமிக்கு ஓரளவு இடம். நம் லஸ்கருக்கு அதனினும் குறைவு. சட்டமே அப்படி! தீண்டாமை கடலிலும் மிதந்தது. இன்று 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இருக்கிறது. இந்தியா 2015இல் ஏற்றது. படுக்கை 198 சென்டிமீட்டர் நீளம், 80 அகலம். தரையிலிருந்து கூரைவரை 203 சென்டிமீட்டர் உயரம். இவற்றுக்குக் குறையக்கூடாது. நல்லது. எந்திர அறையிலே இரைச்சல் 110 டெசிபலைத் தாண்டலாகாது என்றும் விதியுண்டு. 110! அங்கே காதோடு வாய்வைத்துக் கத்தினாலும் பக்கத்திலிருப்பவனுக்குக் கேட்பது கடினம்.

அளவைச் சட்டம் சொல்லும். குழாய்க்குப் பின்னே வால்வை ஒளித்துவைத்தால், அதைத் திருப்ப ஒருவன் கப்பல் ஆடும்போது மல்லாந்து ஊர்ந்து போகவேண்டுமே, அதை எந்தச் சட்டம் சொல்லும்? குளிரூட்டிய அறையிலே கணிப்பொறி முன் அமர்ந்தவனுக்குக் குழாய் தெரியும், வால்வு தெரியும். ஊர்ந்துபோகும் முதுகு தெரியாது.

நம் ஊர் ஆசாரி மாட்டின் கழுத்தைப் பாராமல் நுகத்தடியைச் செதுக்குவதுண்டா? மாட்டுக்குக் கிடைக்கும் அந்த மரியாதை மாலுமிக்கு வேண்டாமா?

ஆஸ்திரேலியாவிலே, லான்செஸ்டன் நகரின் கடல்சார் கல்லூரியில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். கப்பல் வடிவமைப்பு மாணவனைக் கப்பலுக்கே அனுப்பு, மாலுமியின் பாட்டை உடலால் அறியட்டும், பிறகு வரையட்டும் என்பது அவர்கள் வழி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டி சொன்னதுதான்!

சென்னை ஐ.ஐ.டி.யிலே கப்பல் கட்டும் கலை கற்பிக்கிறார்கள். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், ஐயமில்லை. பட்டம் பெறுமுன் அவர்கள் ஒவ்வொருவரையும் ஒரு சரக்குக் கப்பலில் ஏற்றுங்கள். மேல்தளத்துக்கல்ல, எந்திர அறைக்கு இறக்குங்கள். சமையற்கட்டில் கொதிக்கும் அண்டாவோடு படியேறட்டும். நள்ளிரவுக் காவல் முடித்து, எந்திரம் அதிரும் அறையிலே தூங்கிப் பார்க்கட்டும். செலவு என்பார்கள். கோடிகளில் கட்டும் கப்பலுக்கு, ஒரு மாணவனின் சில வாரச் சோறா பெரிய செலவு? தூத்துக்குடியில் முதல் தகட்டை வெட்டுமுன் இதைப் பாடத்திட்டத்தில் எழுதுங்கள்.