ஐப்டேசியா: பிடுங்கினா பெருகும்

வீட்ல பவளத் தொட்டி வெச்சிருக்கவங்க என்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்வியைத்தான் இன்னைக்கு எடுத்திருக்கேன். "பாறை இடுக்குல பழுப்பு நிறத்துல, குட்டிப் பனைமரம் மாதிரி ஒண்ணு முளைச்சிருக்கு. பாக்க அழகாத்தான் இருக்கு. விட்டுடலாமா?"

விடாதீங்க. அது பெரும்பாலும் ஐப்டேசியா. கடல் சாமந்தி இனம். புதுப் பாறையிலயோ, வாங்கற பவளத்தோட அடியிலயோ ஒட்டிக்கிட்டு உள்ள வந்துடும். பக்கத்துல இருக்கற பவளத்தைக் கொட்டிக் கொட்டியே சாகடிக்கும்.

முதல் விதி: கையால பிடுங்காதீங்க, பிளேடால சுரண்டாதீங்க. அதோட பாதத்துல இருந்து ஒரு துணுக்கு பாறையில தங்கினா போதும், தனி சாமந்தியா வளந்துடும். யாரும் தொடாட்டியும் நகர்ற வழியெல்லாம் இப்படித் துணுக்குகளை விட்டுட்டுப் போகும். நாம சுரண்டறது, அதுக்கு நாத்து நட்டுக் கொடுக்கற வேலை.

பவளத்துக்குள்ள வாழற வகைப் பாசிதான் இதோட உடம்புக்குள்ளயும் வாழுது. ஆய்வகத்துல சுலபமா வளர்றதால, பவளம் ஏன் வெளுக்குதுன்னு ஆராயறவங்க பவளத்துக்குப் பதிலா இதை வெச்சே சோதனை செய்யறாங்க. 2015-ல இதோட மரபணுத் தொகுதியே வெளியாச்சு. அங்க வரம், நம்ம தொட்டியில தலைவலி.

சரி, என்ன பண்ணலாம்?

நாலஞ்சுதான் இருக்குன்னா, ஊசி. கால்க்வாசர்னு விக்கற பவுடர் வேற எதுவும் இல்ல, நீற்றின சுண்ணாம்பு. கொஞ்சம் தண்ணி விட்டுப் பசை மாதிரி குழைச்சு சிரிஞ்ச்ல எடுத்துக்கோங்க. பம்ப்பை நிறுத்திட்டு, மெதுவா அதோட வாய்மேல விடுங்க. வேகமா போனா இடுக்குக்குள்ள சுருங்கிடும். கடும் காரம், அதனால கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஒரே நாள்ல நிறைய போட்டா தொட்டியோட பிஹெச் எகிறும். நான் ஒரு நாளைக்கு நாலுக்கு மேல தொடமாட்டேன். வெத்தலைச் சுண்ணாம்பு வேண்டாம், அதுல வேற என்ன கலந்திருக்குன்னு நமக்குத் தெரியாது.

எண்ணிக்கை கைமீறிடுச்சுன்னா, தின்னற உயிரினத்தை விடணும். பெப்பர்மின்ட் இறால் சின்னச் சின்ன ஐப்டேசியாவைத் தின்னும். ஆனா கடையில கேமல் இறாலை அந்தப் பேர்ல கொடுத்துட வாய்ப்பு உண்டு, அது பவளத்தையே கடிக்கும். சிவப்போட வெள்ளைக் கோடும் புள்ளியும் கலந்திருந்தா வாங்காதீங்க.

எனக்குப் பிடிச்சது பெர்கியா. ஓடு இல்லாத குட்டிக் கடல் நத்தை. ஐப்டேசியாவைத் தவிர எதையும் தின்னாது. பாறைக்கு உள்ள, நம்ம ஊசி போகாத இடத்துக்கும் போகும். மாசக்கணக்குல பொறுமை வேணும். எல்லாம் தீந்ததும் பட்டினியில செத்துடும், அதனால அதுக்கு முன்னாடியே இன்னொருத்தர் தொட்டிக்குக் கொடுத்துடுங்க. இறாலையும் பெர்கியாவையும் ஒண்ணா விடக்கூடாது. இறால் பெர்கியாவைத் தின்னுடலாம்.

எதை விட்டாலும், சாப்பாட்டைக் குறைங்க. மீன் மிச்சம் வெக்கறதுதான் ஐப்டேசியாவுக்கு விருந்து.

இப்போ ரொம்ப முக்கியமான விஷயம். "பாறையை எடுத்துக் கொதிக்க வெச்சுடு, எல்லாம் செத்துடும்"னு யாராவது சொன்னா, தயவுசெஞ்சு கேக்காதீங்க. பட்டன் பாலிப்னு விக்கற ஸோவாந்திட் வகைகள் சிலதுல பாலிடாக்சின்னு கொடிய விஷம் இருக்கு. கொதிக்க வெச்சாலும் அது அழியாது, ஆவியோட சேந்து மூச்சுல போகும். 2018-ல இங்கிலாந்தோட ஆக்ஸ்ஃபோர்டுஷையர்ல ஒருத்தர் வீட்டுத் தொட்டியைச் சுத்தம் செய்யப்போய், அவரோட குடும்பமும் உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாச்சு. பாறையைச் சுத்தம் பண்ணின பிறகு மூச்சுத்திணறல், காய்ச்சல் வந்தா உடனே வெளிய வந்து டாக்டரைப் பாருங்க. தொட்டியில பவளம் இருக்குங்கறதையும் சொல்லுங்க.

கடைசியா, வராம தடுக்கறது. புதுப் பவளத்தைத் தனித் தொட்டியில சில வாரம் வெச்சுப் பாருங்க. அடிக்கல்லைத் திருப்பிப் பாருங்க. முழுசா ஒழிக்க முடியாட்டியும் பரவாயில்ல. ஒண்ணு தலைகாட்டினதும் அன்னைக்கே ஊசி போட்டா, பவளம் பிழைச்சுக்கும்.