பழைய விலைப்பட்டியல் புது விலை காட்டிய கதை

எண்பதுகளில் நாங்கள் தொழிலுக்கு வந்தபோது விலைப்பட்டியல் என்றால் கடை வாசலில் தொங்கிய கரும்பலகைதான். மதியம் துவரம்பருப்பு விலை ஏறினால் அழித்துவிட்டு எழுதுவோம். இப்போது எங்கள் மண்டியில் சரக்கு, மூட்டை எடை, விலை எல்லாம் அக்செஸ் கோப்பில் இருக்கின்றன. வேர்டில் அடிக்கும் விலைக் கடிதத்துக்குள் அந்த விலையே வந்து உட்காருகிறது. பார்த்துப் பார்த்து அடிக்கும் வேலையும் இல்லை, 142 என்பது 124 ஆகும் தப்பும் இல்லை.

இதற்கு வேர்டில் 'இன்சர்ட் டேட்டாபேஸ்' என்றொரு கட்டளை உண்டு. எடுத்தவுடன் கண்ணில் படாது. 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் தேடி மேல் பட்டையில் வைத்துக்கொள்ள வேண்டும். கோப்பைக் காட்டி, வேண்டிய சரக்குகளைச் சொன்னால் பட்டியல் வந்துவிடும். கடைசியில் 'இன்சர்ட் டேட்டா அஸ் ஃபீல்டு' என்ற கட்டத்தில் டிக் போட மறக்கக் கூடாது. போடாவிட்டால் வருவது வெறும் எழுத்து. போட்டால், பட்டியலுக்குப் பின்னால் கேள்வி நிற்கும். எஃப் 9 விசையை அழுத்தும்போதெல்லாம் அது அக்செஸுக்குப் போய் அப்போதைய விலையைக் கேட்டுக்கொண்டு வரும். அழுத்தும்வரை பழைய விலைதான். (சில சமயம் கட்டங்களின் அகலம் கலைந்துபோகும். அது ஒரு சில்லறைத் தொல்லை.)

நாங்கள் அடிபட்டது வேறு இடத்தில். பல வருட வாடிக்கைக்காரர் ஒருவருக்குப் பதினைந்து நாள் கெடு வைத்து விலைக் கடிதம் கொடுத்தோம். நகல் எடுக்கவில்லை, கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே என்ற தைரியம். ஒன்பதாம் நாள் அவர் 20 மூட்டை பருப்புக்கு வந்தார். கடிதத்தைத் தொலைத்திருந்தார். அவர் சொன்ன விலை எங்கள் நினைவைவிடக் கிலோவுக்கு 4 ரூபாய் குறைவு. கோப்பைத் திறந்த எங்கள் பையன், வழக்கப்படி எஃப் 9 அழுத்திச் சேமித்தும்விட்டான். மேலே பழைய தேதி, கீழே அன்றைய விலை! கொடுத்த விலைக்குச் சாட்சியே இல்லை. மூட்டை 50 கிலோ. ஆக 4,000 ரூபாயை விட்டுக்கொடுத்து, முகம் கோணாமல் சரக்கை ஏற்றினோம். மனதுக்குள் சந்தேகம்தான். இரண்டு வாரம் கழித்து அவரே கடிதத்தைத் தேடி எடுத்து வந்து காட்டினார். அவர் சொன்னதே சரி. எங்களுக்குத்தான் தலைகுனிவு.

இப்போது கடிதம் வெளியே போகுமுன் 'சேவ் அஸ்' கொடுத்து, வாடிக்கைக்காரர் பெயரும் தேதியும் போட்டுத் தனிக் கோப்பாக்குகிறோம். அந்தக் கோப்பில் முழுவதையும் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் 9 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தொடர்பு அறுந்து வெறும் எழுத்தாகிவிடும். பிறகு எத்தனை முறை எஃப் 9 தட்டினாலும் விலை அசையாது. அச்சடித்த நகல் ஒன்றும் ஃபைலில் ஏறும். வரிசை மாறக் கூடாது. அவசரத்தில் மூலக் கோப்பிலேயே அறுத்துவிட்டால், மறுநாள் முதல் அது பழைய விலையையே காட்டும். விலை ஏறியிருந்தால் நட்டம் ஓசையில்லாமல் ஓடும். அதனால் மூலக் கோப்பின் பெயரையே 'விலை மூலம் - அறுக்காதே' என்று வைத்திருக்கிறோம்.