உங்களுக்குத் தெரியுமா? பென்சிலோடு படித்தால் பலன் உண்டு!

எம்.எஸ்.உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ படித்து நிமிர்ந்ததாகச் சொல்லும் தமிழர்கள் பலர். இத்தகைய தன்னம்பிக்கை நூல்கள் உண்மையிலேயே உதவுமா?

மனநல மருத்துவர் டேவிட் பர்ன்ஸ் 1980-இல் எழுதிய ‘ஃபீலிங் குட்’ நூலை, மனச்சோர்வால் வாடிய 80 பேரை வைத்து அலபாமா பல்கலைக்கழகத்தின் ஃபாரஸ்ட் ஸ்கோகின் குழு சோதித்தது. 1995-இல் முடிவு வெளியானது. நான்கு வாரம் படித்தவர்கள், படிக்காமல் காத்திருந்தவர்களைவிடத் தெளிவாகத் தேறியிருந்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் பலன் நீடித்தது. அந்த நூலில் இருப்பது வெறும் உற்சாகப் பேச்சல்ல. வாட்டும் எண்ணங்களை எழுதி, அவை உண்மையா என்று நாமே சோதிக்கும் பயிற்சி.

மாறாக, வெறும் மந்திரம்போல் ‘நான் அன்புக்குரியவன்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, தன்மதிப்புக் குறைந்தவர்களின் மனநிலை இன்னும் சரிந்ததை 2009-இல் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

ஆகவே, நூலைப் படிப்பதோடு நிற்காமல் அதிலுள்ள பயிற்சிகளை எழுதிப் பாருங்கள். சோர்வு வாரக்கணக்கில் நீண்டால் மருத்துவரையும் பாருங்கள்.