குறைந்தது பன்னிரண்டு என்றால் எந்தப் பக்கம்?

எங்கள் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் அம்மா ஒருவர் போன வருடத் தீபாவளிக்கு முறுக்கும் நெய் உருண்டையும் செய்து விற்றார். கைப்பக்குவம் நல்லது. கேட்டவர்களுக்கெல்லாம் "சரி, செஞ்சு தர்றேன்" என்று சொல்லிக்கொண்டே போனதில் முறுக்கு 40 டப்பா, நெய் உருண்டை 25 டப்பா சேர்ந்துவிட்டன. கையில் இருந்ததோ சீட்டெடுத்த பணம் 480 வெள்ளிதான். நெய் வாங்கப் பணம் போதாமல் மகளின் தோடு பட்டணத்து அடகுக் கடைக்குப் போயிற்று. கடைசி இரவு அடுப்படியிலேயே கண்ணயர்ந்து போய், சட்டியில் இருந்தவை கருகிவிட்டன. நல்ல வேளை, அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. தோடு திரும்பி வர ஆறு மாதமாயிற்று.

அந்த மகள் என்னிடம் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். இப்போது பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்கு. இந்த வருடம் தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கையில் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். "சார், இந்த ஆறாவது பாடம் ஒண்ணும் ஓடலை" என்றாள். புத்தகத்தில் 'கெதக்சாமாஅன் லினியர்' என்று போட்டிருந்தது. தமிழில் நேரியல் சமனிலி என்போம். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் சமன்பாடு. ஒரு பக்கம் கூடவோ குறையவோ இருந்தால் சமனிலி. அவ்வளவுதான் பெயரின் பயமுறுத்தல்.

அவள் செய்திருந்த கணக்குகளைப் புரட்டினேன். கோடெல்லாம் சரியாகப் போட்டிருக்கிறாள். பிழை கோடு போடுவதற்கு முன்பே நடந்திருக்கிறது. 'செகுராங்-குராங்ஞா 12' என்று கேள்வியில் வந்தால் '12க்குக் குறைவு' என்று எழுதியிருக்கிறாள். 'குராங்' என்றால் குறைவுதானே என்பது அவள் நியாயம். நம் தமிழிலும் இதே வம்பு உண்டு. 'குறைந்தது பன்னிரண்டு' என்பதில் குறை என்ற சொல் இருக்கிறது. ஆனால் பொருள் என்ன? பன்னிரண்டோ அதற்கு மேலோ. 'அதிகபட்சம் பன்னிரண்டு' என்பதில் அதிகம் இருக்கிறது. பொருள் பன்னிரண்டோ அதற்குக் கீழோ. சொல்லைப் பார்த்துக் குறி போடும் பிள்ளை தலைகீழாகத்தான் போடும். இதை நான் மக்குத்தனம் என்று சொல்ல மாட்டேன். ஒரு மொழியில் கேட்டு இன்னொரு மொழியில் நினைக்கும் பிள்ளைக்கு யாராவது ஒரு முறை உட்கார்ந்து சொல்லித் தர வேண்டும்.

"புத்தகத்தை மூடு. உங்கம்மா முறுக்குக் கணக்கைப் போடுவோம். அம்மாவையும் கூட்டிட்டு வா" என்றேன்.

அந்த அம்மா வந்து திண்ணையில் உட்கார்ந்தார். கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டோம். ஒரு டப்பா முறுக்குக்குச் சாமான் செலவு 8 வெள்ளி, அடுப்பு வேலை 40 நிமிடம், லாபம் 6 வெள்ளி. ஒரு டப்பா நெய் உருண்டைக்குச் செலவு 16 வெள்ளி, வேலை 20 நிமிடம், லாபம் 7 வெள்ளி. இந்த வருடமும் கையில் 480 வெள்ளிதான். வேலைக்காட்டிலிருந்து வந்து, சமையல் முடித்து, நாளைக்கு இரண்டு மணி நேரம் என்று 15 நாளைக்கு 30 மணி நேரம் அடுப்படியில் நிற்கலாம்.

முறுக்கு டப்பாக்களை 'மு' என்றும் நெய் உருண்டையை 'நெ' என்றும் வைத்தோம். பரீட்சையில் எக்ஸ், வை என்று வரும், ஆள் ஒன்றுதான். பணம் சொல்வது: 8மு + 16நெ ≤ 480. எட்டால் வகுத்தால் மு + 2நெ ≤ 60. நேரம் சொல்வது: 40மு + 20நெ ≤ 1800 நிமிடம். இருபதால் வகுத்தால் 2மு + நெ ≤ 90.

இனிக் கட்டம் போட்ட தாள். படுக்கைக் கோட்டில் முறுக்கு, நிமிர்ந்த கோட்டில் நெய் உருண்டை. முதலில் குறியை மறந்துவிட்டுச் சமம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். பணம் முழுவதும் முறுக்குக்கே போனால் 60 டப்பா. முழுவதும் உருண்டைக்கே போனால் 30. இந்த இரண்டு புள்ளிகளையும் அளவுகோல் வைத்துச் சேர்த்தால் பணக்கோடு. நேரம் முழுவதும் முறுக்குக்குப் போனால் 45. உருண்டைக்குப் போனால் 90. இவற்றைச் சேர்த்தால் நேரக்கோடு. 480 வெள்ளியையும் முழுதாகச் செலவழிக்கலாம் என்பதால் கோடு முழுக்கோடு. '480க்குக் குறைவாக மட்டுமே' என்றிருந்தால் கோட்டின் மேல் நிற்கக் கூடாது. அப்போது அதை விட்டு விட்டுப் போட வேண்டும்.

கோட்டின் எந்தப் பக்கத்தில் நிழல் போடுவது? பிள்ளைகள் இங்கேதான் இரண்டாவது முறை வழுக்குகிறார்கள். '≤ என்றால் கோட்டுக்குக் கீழே' என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். மு − நெ ≤ 5 என்று கேட்டுப் பாருங்கள்; விடை கோட்டுக்கு மேலே இருக்கும். மனப்பாடத்தை விட்டுவிட்டு ஒரு புள்ளியைச் சோதித்துப் பார்ப்பதே வழி. சுலபமான புள்ளி 0, 0. ஒன்றுமே செய்யாவிட்டால் 480 வெள்ளி போதுமா? போதும். ஆகவே அந்தப் புள்ளி இருக்கும் பக்கம் சரியான பக்கம். கோடே 0, 0 வழியாகப் போனால் மட்டும் வேறொரு புள்ளியை எடுக்க வேண்டும்.

இன்னொரு பொறி, கழித்தல் குறி. −மு > −3 என்பதை −1ஆல் பெருக்கினால் மு < 3 என்று குறி திரும்பிக்கொள்ளும். ஏன் என்று கேட்டால் கடனைச் சொல்லுங்கள். கையில் 5 வெள்ளி வைத்திருப்பவர் 3 வெள்ளிக்காரரை விட மேல். 5 வெள்ளி கடன்பட்டவரோ 3 வெள்ளி கடன்பட்டவரை விடக் கீழ்.

இரண்டு நிழலும் சேர்ந்து விழுந்த இடம் நான்கு மூலைகளோடு நின்றது. அதற்குள் இருக்கும் கட்டப் புள்ளி ஒவ்வொன்றும் அம்மாவால் செய்யக்கூடிய ஒரு தீபாவளி. பெண் என்னைக் கேட்காமலே சிவப்புப் பேனாவை எடுத்துப் போன வருடக் கணக்கை வைத்தாள்: முறுக்கு 40, உருண்டை 25. இரண்டு கோட்டையும் தாண்டி வெளியே போய் விழுந்தது புள்ளி. பணத்தில் 240 வெள்ளி துண்டு; நேரத்தில் 5 மணி துண்டு.

அம்மா தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். "அங்கதானா சார் போன வருசம் நான் நின்னேன்?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

எந்தப் புள்ளியில் லாபம் அதிகம்? 6மு + 7நெ என்பதையும் ஒரு கோடாகப் போட்டு, அதே சாய்வு மாறாமல் அளவுகோலை வெளிப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனால் கடைசியாக அது நிழலைத் தொட்டு விடும் இடம் ஒரு மூலைதான். ஆகவே மூலைகளைப் பார்த்தால் போதும். முறுக்கு மட்டும் 45 என்றால் 270 வெள்ளி. உருண்டை மட்டும் 30 என்றால் 210. இரண்டு கோடும் வெட்டும் இடம் முறுக்கு 40, உருண்டை 10. அங்கே லாபம் 310.

இந்த மூலை சமாச்சாரம் சாதாரணமானதல்ல. லெனின்கிராட் நகரில் ஒட்டுப்பலகை செய்யும் தொழிற்சாலை ஒன்றின் இயந்திரங்களுக்கு வேலையைப் பங்கிடும் கணக்கில் தொடங்கி, கந்தரோவிச் என்ற கணித அறிஞர் 1939இல் இப்படிப்பட்ட கணக்குகளுக்கு வழி கண்டு எழுதினார். 1975இல் பொருளாதார நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. அமெரிக்காவில் டான்ட்சிக் என்பவர் 1947இல் மூலையிலிருந்து மூலைக்கு நடந்து போகும் முறையை வகுத்தார். நூற்றுக்கணக்கான பண்டங்கள் என்றால் தாளில் வரைய முடியாது. அங்கே அவர் முறை வேண்டும். நமக்கு இரண்டு பண்டம், தாள் போதும். படிவம் ஐந்தில் கூடுதல் கணிதம் எடுக்கும் பிள்ளைகளுக்கு இதுவே ஒரு தனிப் பாடமாக வருகிறது.

"நாப்பதும் பத்தும்" என்று நான் முடிக்கப் போனேன். அம்மா தலையை ஆட்டினார். "ஆபீசுல கொறஞ்சது பன்னெண்டு டப்பா நெய் உருண்டை வேணும்னு சொல்லிட்டாங்க சார். மாட்டேன்னு சொல்ல முடியாது."

பெண்ணைப் பார்த்தேன். அவள் நெ ≥ 12 என்று எழுதினாள். குறி சரியாக விழுந்திருந்தது. 12க்கு நேரே படுக்கைக் கோடு ஒன்று போட்டு, அதற்கு மேல் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டாள். பழைய மூலை வெட்டுப்பட்டுப் போயிற்று. புது மூலை முறுக்கு 36, உருண்டை 12. லாபம் 300 வெள்ளி. கொடுத்த வாக்கின் விலை 10 வெள்ளி.

அடுத்து நேரத்தைக் கூட்டினாள். 36 முறுக்குக்கு 1440 நிமிடம், 12 உருண்டைக்கு 240. மொத்தம் 1680, அதாவது 28 மணி. புது மூலையை நேரக்கோடு தொடவே இல்லை. பணம்தான் முட்டுகிறது.

"அம்மா, ரெண்டு மணி நேரம் மிச்சம் இருக்கு. இன்னும் செய்யலாம், ஆனா காசு இருக்காது."

"ஒரு சாயங்காலமா?" என்றார் அம்மா. "அப்ப யாரு கேட்டாலும் முப்பத்தாறு, பன்னெண்டு. அதுக்கு மேல இல்லைன்னு சொல்லிடுறேன். அந்த ஒரு சாயங்காலத்துல உனக்குப் பாவாடை தைக்கிறேன், துணி வாங்கி ரெண்டு வருசம் ஆச்சு."