கோட்டுச்சேரிமேட்டில் ஒரு ஸ்விட்ச்: உங்களுக்குத் தெரியுமா?

● காரைக்கால் மாவட்டத்துக் கோட்டுச்சேரிமேட்டில் அந்தி நேரத்தில் ஒரு வீட்டில் விளக்கைப் போட்டால், அந்த வெளிச்சத்துக்குள் எத்தனை ஊர் இருக்கிறது தெரியுமா? தெற்கே திருமலைராயன்பட்டினத்தில் டெல்டா மண்ணுக்கு அடியிலிருந்து வரும் வாயுவை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டிலிருந்து ஓடும் அந்த நிலையத்தின் திறன் 32.5 மெகாவாட். கூடங்குளத்தின் முதல் இரண்டு அணு உலைகளிலிருந்து புதுச்சேரி மாநிலத்துக்கு ஒதுக்கிய பங்கு 67 மெகாவாட், அதாவது நம் மாவட்டத்து நிலையத்தைப் போல இரண்டு மடங்குக்கும் சற்று மேல். கல்பாக்கம் அணுமின் நிலையத்திலிருந்தும் பங்கு உண்டு, நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் உண்டு. எல்லாம் ஒரே கம்பியில் கலந்து வருகின்றன. அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கு நம் வீட்டு மீட்டர் பெட்டிக்குள்ளேயே நடக்கிறது.

● கூடங்குளத்துக்கு ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டது 1988 நவம்பரில். முதல் உலை வணிக உற்பத்தியைத் தொடங்கியது 2014 டிசம்பர் 31 அன்று. ஒப்பந்தத்தின்போது பிறந்த பிள்ளைக்கு அதற்குள் 26 வயது.

● ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் சுமார் எட்டே மாதத்தில் எழுந்து, 2016-ல் ஓடத் தொடங்கியது. ஆனால் மெகாவாட்டுக்கு மெகாவாட் ஒப்பிட்டு ஏமாந்துவிடக் கூடாது. ஒரு கிலோவாட் சூரியத் தகடு நம் வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஒரு கிலோவாட் அணு உலைத் திறன், நன்றாக ஓடும் நாளில், 20 யூனிட்டுக்கு மேல் தரும். சூரிய மின்சாரத்தின் பக்கம் நின்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

● இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி சுமார் 820 கிராம் கரியமில வாயுவை வெளிவிடுகிறது. சுரங்கம் முதல் கட்டுமானம் வரை சேர்த்துப் பார்த்தாலும் அணுமின்சாரத்துக்கு அது சுமார் 12 கிராம்தான். ஐ.நா.வின் காலநிலைக் குழு 2014-ல் தந்த இடைநிலைக் கணக்கு இது. காற்றாலையும் அதே அளவில்தான் இருக்கிறது. கடல் மட்டம் உயர்ந்தால் முதலில் நனையப்போவது நம் கரை, அதனால் இந்த எண்ணைப் பக்கம் பார்க்காமல் படிக்க வேண்டும்.

● கூடங்குளம் உலையை எதிர்த்து இடிந்தகரை மீனவர்கள் 2011 முதல் மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்து கேட்டவற்றில் ஒன்று கடலைப் பற்றியது. அணு உலையில் பிறக்கும் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது, மிச்சம் இரண்டு பங்கு கடல்நீரோடு வெளியே போகிறது. உள்ளே இழுத்த தண்ணீரைவிட 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வெளியே விடக் கூடாது என்பது விதி. நீர் எவ்வளவு சூடானால் எந்த மீன் விலகிப் போகும் என்பது கரையில் நிற்பவருக்குப் பிழைப்பின் கேள்வி. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உலையை அனுமதித்தபோதும் 15 கட்டளைகளோடுதான் அனுமதித்தது. அந்தப் பந்தல் இல்லாவிட்டால் அந்தக் கட்டளைகளும் வந்திருக்காது என்றே நான் நம்புகிறேன்.

● வலையில் சொறி மீன் ஏறினால் என்ன பாடு என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். கை அரிக்கும், வலை கனக்கும், அன்றைய பாடு வீண். அதே சொறி மீன் அணு உலையையும் நிறுத்தும்! 2025 ஆகஸ்டில் பிரான்ஸின் வடகரையில் உள்ள கிராவலின் நிலையத்தில் நான்கு உலைகள் நின்றுபோயின. குளிர்விக்கக் கடல்நீர் இழுக்கும் இடத்தின் சல்லடைகளில் சொறி மீன் கூட்டம் வந்து அடைத்துக்கொண்டதுதான் காரணம். கல்பாக்கத்திலும் இந்தத் தொல்லை உண்டு.

● பிரான்ஸ் என்றதும் காரைக்காலில் பலருக்குச் சொந்தக்காரர் ஞாபகம் வரும். 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் இது. அங்கே போய்க் குடியேறிய நம்மவர் வீட்டு விளக்கில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அணு உலை வெளிச்சம். இந்தியா முழுவதற்கும் அந்தப் பங்கு சுமார் 3 சதவீதம். பிரான்ஸுக்குப் பக்கத்து நாடான ஜெர்மனி 2023 ஏப்ரல் 15 அன்று தன் கடைசி மூன்று உலைகளையும் மூடிவிட்டது.

● காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, கோட்டுச்சேரிமேடு என்று இந்தக் கரை ஊர்களின் பெயரிலேயே மேடு இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை வந்த சுனாமிக்கு அந்த மேடும் போதவில்லை. அதே அலை கல்பாக்கத்துக்கும் போனது. அங்கே ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையின் கடல்நீர்ப் பம்ப் அறைக்குள் தண்ணீர் ஏறியது, உலையைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் ஈனுலைக்காகத் தோண்டிய பள்ளம் நிரம்பிப்போனது. ஆறு ஆண்டு கழித்து ஜப்பானின் ஃபுகுஷிமாவில் சுனாமி வந்தபோது அப்படி நடக்கவில்லை. உலைகள் நின்றன, ஆனால் டீசல் ஜெனரேட்டர்கள் மூழ்கின. அணு உலையை நிறுத்தினாலும் அதன் சூடு உடனே அடங்குவதில்லை. நாள்கணக்கில் தண்ணீர் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கும் மின்சாரம் வேண்டும்.

● அணு உலைக் கழிவில் இருக்கும் புளுட்டோனியம்-239 தன் வீரியத்தில் பாதியை இழக்க ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் ஆகும். இங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் பூம்புகார் செழித்திருந்தது ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்.

● கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் கடலோடிகள். தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் வந்தது. மே முதல் செப்டம்பர் வரை கணவாய்களில் காற்று கொட்டும், பிறகு ஓயும். கொட்டுகிற நாளில் சேர்த்துவைக்க வழி வேண்டும். கடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980-களிலிருந்தே அதைச் செய்கிறது: மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்குகிறது. மன்னார் வளைகுடாக் கடலுக்குள்ளேயே 500 மெகாவாட் காற்றாலை வைக்க 2024-ல் மத்திய அரசு நிதியுதவிக்கு ஒப்புதல் தந்தது. அந்தக் கோபுரங்களுக்கு நடுவே படகு போகலாமா, வலை போடலாமா? இதை மீனவரிடம் முதலில் கேட்க வேண்டும், கடைசியில் அல்ல.

● கூரையில் சூரியத் தகடு இருந்தால் புயல் அன்றும் விளக்கு எரியும் என்று நினைக்கிறீர்களா? பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைந்த தகடு, கம்பியில் மின்சாரம் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்ப்பவருக்கு ஷாக் அடிக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. கரையோரப் பள்ளிக்கூடத்துக்கும் புயல் பாதுகாப்பு மையத்துக்கும் தகடு வைக்கும்போது பேட்டரியும் சேர்த்து வைத்தால்தான் அந்த இரவுக்கு உதவும்.

● எல்.இ.டி. பல்பை வீடுவீடாகக் கொடுக்கும் திட்டத்துக்கு 2014-ல் முன்னோட்டம் நடந்தது நம் புதுச்சேரி மாநிலத்தில்தான். அப்போது மொத்தக் கொள்முதலில் ஒரு பல்பின் விலை 310 ரூபாய். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுக்குள் அது 40 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிட்டது. 60 வாட் குண்டு பல்பைக் கழற்றி 7 வாட் எல்.இ.டி. போட்டால் 53 வாட் மிச்சம். இப்படி 6 லட்சத்து 13 ஆயிரம் பல்பை மாற்றினால், அவை ஒன்றாக எரியும் நேரத்தில் மிச்சமாவது 32.5 மெகாவாட். திருமலைராயன்பட்டினம் நிலையத்தின் திறன் முழுவதும் அவ்வளவுதான். இந்த மின்சாரத்துக்கு நிலம் எடுக்க வேண்டாம், யார் கடலும் சூடாக வேண்டாம். அணுவா காற்றா என்று கேட்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

● பழைய மின்விசிறி 75 வாட், புதிய பி.எல்.டி.சி. விசிறி சுமார் 30 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 197 யூனிட் மிச்சம், ஒரே விசிறியில்.

● மீனவர் கடலுக்கு எடுத்துப்போகும் மின்சாரம் எது தெரியுமா? ஐஸ்தான். 50 கிலோ ஐஸ் பார் ஒன்றை உறைய வைக்கச் சுமார் 3 யூனிட்டாவது செலவாகும். விடிகாலையில் கரையில் நின்று பார்த்தால், ஐஸ் பெட்டி மூடியின் ஓரம் உடைந்து உள்ளேயிருக்கும் தெர்மோகோல் தெரியும். அதன் மேல் நனைந்த கோணியைப் போட்டு ஒருவர் அழுத்திக் கட்டுவார். அந்தக் கோணி காப்பதும் மின்சாரம்தான்.