கம்பி வாங்கும் முன் நிலையைத் தட்டிப் பாருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலை. உள்ளேயிருந்து 'தொப்'பென்று ஒரு சத்தம். கையில் கரண்டியோடு ஓடினேன். புதிதாக வாங்கிய புல்-அப் கம்பி ஒருபக்கம், என் மகன் ஒருபக்கம்! "ஒண்ணும் இல்லேம்மா, கழண்டுடுச்சு" என்றான். அந்த 'ஒண்ணும் இல்லே' பத்து நாள் அவனை நேராக உட்கார விடவில்லை.

"நிலையில தொங்காதேடான்னு தலையால அடிச்சுக்கிட்டேன்" என்றார் மாமியார்.

ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் கம்பியைத் தொடவே இல்லை. நிலைக்காலை விரலால் தட்டினார். "உள்ளே கரையான் தின்னு பொக்காக் கெடக்கும்மா. கம்பி என்ன பண்ணும்?" என்றார். அன்றுதான் புரிந்தது: முதலில் பார்க்க வேண்டியது கம்பியை அல்ல, வாசலை.

எங்கள் முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவுக்குப் போனால், பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி கட்டிய பழைய வீடுகளைப் பார்க்கலாம். அந்தக் கால மர வேலைப்பாட்டின் கனத்தைப் பார்த்துவிட்டு நம் வீட்டு நிலையைப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். நிலையைத் தட்டினால் 'கணீர்' என்று கேட்க வேண்டும். 'பொத்' என்றாலோ, சுவரும் நிலையும் சேருமிடத்தில் விரிசல் இருந்தாலோ அந்த வாசல் வேண்டாம். பிளாஸ்டிக் நிலையும் வேண்டாம்.

எந்தக் கம்பி?

கடையில் மூன்று தினுசு உண்டு. நிலையின் மேல் விளிம்பில் கொக்கிபோல் மாட்டுவது ஒன்று. வெளியே துருத்தும் சட்டம் இருந்தால்தான் அது பிடிக்கும். நம் வீடுகளில் நிலை பெரும்பாலும் சுவரோடு சமமாக இருப்பதால் பொருந்தாது. இரண்டாவது, திருகித் திருகி நீட்டி இரு நிலைக்கால்களுக்கும் நடுவே இறுக்குவது. எனாமல் பெயிண்ட் அடித்த வழவழப்பில் இது நழுவும். ஆடி ஆடித் தொங்கினால் இறுக்கமும் தளரும். மூன்றாவது, இருபுறமும் கிண்ணம்போன்ற தாங்கியை ஸ்குரூவால் முடுக்கி, அதில் கம்பியை உட்கார வைப்பது. நல்ல மரமாக இருந்தால் இதுவே உத்தமம்.

வாங்குமுன் வாசலின் அகலத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். உங்கள் எடை 65 கிலோ என்றால் 100 கிலோவுக்குக் குறையாமல் தாங்குவதாக வாங்குங்கள். கடலோரத்தில் உப்புக்காற்று சும்மா விடாது. கம்பி துருப்பிடிக்குமுன் ஸ்குரூ துருப்பிடிக்கும். ஸ்குரூவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை பாருங்கள்.

எப்படித் தொடங்குவது?

எடுத்த எடுப்பில் மோவாய் கம்பிக்கு மேல் போக வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். அதற்குப் பல மாதங்கள் ஆகலாம். பாதம் தரையில் பதிய, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, உடல் பாரத்தில் பாதியைக் கைகளுக்குக் கொடுங்கள். 10 விநாடி போதும். பழகியபின், கை மடங்காமல் தோள்பட்டையை மட்டும் கீழே இறக்கி ஏற்றுங்கள். அடுத்து, ஆடாத முக்காலியில் ஏறி, மோவாய் கம்பிக்கு மேலே இருக்கும்படி பிடித்து, மெதுவாக இறங்குங்கள். ஏறுவதற்கு வேண்டிய பலம் இப்படி இறங்கி இறங்கித்தான் வரும். மூச்சை அடக்காதீர்கள்.

தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் குறைந்தது 2 நாள் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. தினமும் தொங்க அவசியமில்லை.

ஜாக்கிரதை!

மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். கம்பியில் மோதிரம் சிக்கிக் கை நழுவினால் விரலே போய்விடும். புடவைத் தலைப்பும் வேண்டாம், சுடிதார் சௌகரியம். கீழே கனமான பாய் விரியுங்கள். தலைகீழாகத் தொங்கவே தொங்காதீர்கள். வேலை முடிந்ததும் கம்பியைக் கழற்றி வையுங்கள். குழந்தைகளுக்கு அது ஊஞ்சல்! தோள்பட்டை இறுகியவர்கள், எலும்புத் தேய்மானமோ ரத்தக்கொதிப்போ உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

இப்போது எங்கள் வீட்டில் கம்பி இருப்பது பின்கட்டு அறை வாசலில். தலைவாசலைத் தொடவில்லை என்பதில் மாமியாருக்குத் திருப்தி. ஐம்பதைத் தாண்டிய நான் 20 விநாடி தொங்குகிறேன். பரண்மேல் இருக்கும் இட்லிப் பானையை எடுக்க மகனைக் கூப்பிடுவதில்லை.

நேற்று மாமியார் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, அந்தக் கம்பியை நான் சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கலாமா?"

"டாக்டரைக் கேட்டுட்டு வருவோம் அத்தை" என்றேன்.