பல நாள் பந்தயப் பயிற்சிக்கு எந்தத் தடம்?

சாலையில் வண்டி ஓட்டத் தெரிந்தவருக்குப் பந்தயத் தடத்தில் ஓட்டக் கற்றுத்தருவது பந்தயப் பயிற்சிப் பள்ளி. காருக்கும் உண்டு, மோட்டார் சைக்கிளுக்கும் உண்டு. பாடம் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நாள்களுக்கு வகுக்கப்படும். காலையில் வகுப்பறை, பிறகு இருபது நிமிடம் தடத்தில் ஓட்டம், இறங்கியதும் பயிற்றுநரிடம் திருத்தம், மீண்டும் வகுப்பறை என்று நாள் முழுவதும் மாறி மாறி நடக்கும். கீத் கோட் 1980-இல் அமெரிக்காவில் தொடங்கிய கலிபோர்னியா சூப்பர்பைக் பள்ளி இந்த முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ஒரு நாள் ஒரு நிலை. ஒவ்வொரு நிலையிலும் ஐந்து ஓட்டங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரே ஒரு பயிற்சி. இந்தப் பள்ளி சென்னைக்கு வந்தும் வகுப்பு நடத்தியிருக்கிறது.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன். பந்தயம் ஓட்டியவன் அல்லன். என்னிடம் படித்த ஒருவர் தம் மகனுக்காக என்னைத் தேடி வந்ததால்தான் இந்தப் பொருளுக்குள் நுழைந்தேன். பையனுக்கு வயது பத்தொன்பது. மூன்று நாள் பயிற்சிக்கான கட்டணம் அந்தக் குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு. இரண்டாவது முறை அனுப்ப வழியில்லை. "ஃபார்முலா 1 ஓடிய இடத்திலேயே சேர்த்துவிடலாமா ஐயா?" என்று கேட்டார். பதில் சொல்வதற்கு முன் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத்தா பன்னாட்டுத் தடத்தின் ஒரு சுற்று சுமார் 5.1 கிலோமீட்டர், 16 வளைவுகள். 2011 முதல் 2013 வரை மூன்று ஆண்டுகள் அங்கே ஃபார்முலா 1 நடந்தது. மூன்றிலும் செபாஸ்டியன் வெட்டல் வென்றார். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள சென்னைத் தடம் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். கோயம்புத்தூரை ஒட்டிய செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர்தான். கோயம்புத்தூர்ப் பகுதியில் அண்மையில் கோஸ்ட் என்ற தடமும் வந்திருக்கிறது. அன்று எங்கள் கணக்கில் அது இல்லை.

புதிதாகக் கற்பவர் செட்டிபாளையத்தில் சராசரியாக மணிக்கு 90 கிலோமீட்டர், சென்னையில் 100, நொய்டாவில் 115 என்று ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். இவை என் ஊகம். ஆளுக்கும் வண்டிக்கும் ஏற்ப மாறும். இருபது நிமிடத்தில் செட்டிபாளையத்தில் 14 சுற்று வரும், சென்னையில் 9, நொய்டாவில் 7. வளைவுகளை மொத்தமாக எண்ணினால் சென்னையில் 108, நொய்டாவில் 112. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் கற்பவருக்கு வேண்டியது மொத்தம் அன்று. ஒரு வளைவில் பிரேக்கைப் பிந்திப் பிடித்துவிட்டான் என்றால், அதே வளைவுக்கு எவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்து திருத்திக்கொள்கிறான் என்பதே கேள்வி. செட்டிபாளையத்தில் ஒன்றரை நிமிடத்துக்குள் வந்துவிடுவான். நொய்டாவில் இரண்டே முக்கால் நிமிடம் ஆகும். அதற்குள் வேறு பதினைந்து வளைவுகள் வந்து போயிருக்கும். வாய்பாடு ஒப்பிக்கும் குழந்தையைத் தவறிய இடத்திலேயே நிறுத்தித் திருப்பிச் சொல்லவைப்போம் அல்லவா, அதுபோலத்தான்.

அப்படியானால் சின்னத் தடமே போதுமா என்றால், முழுவதும் அப்படியும் இல்லை. சிறிய தடத்தில் கை ஓயாது. மூச்சு விடவும், நடந்ததை நினைத்துப் பார்க்கவும் நேர்பாதை குறைவு. நீண்ட நேர்பாதையின் முடிவில் முழு வேகத்திலிருந்து பிரேக் பிடிப்பது ஒரு தனிப் பாடம்; அதை அங்கே முழுமையாகக் கற்க முடியாது. நொய்டாவில் மூன்றாம் வளைவு மேட்டில் ஏறித் திரும்புகிறது. அதைத் தாண்டினால் ஒரு கிலோமீட்டருக்கும் மேலான நேர்பாதை, அதன் முடிவில் இறுக்கமான நான்காம் வளைவு. வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு என்று பத்தாம் வகுப்பில் எழுதிப் போடுவோமே, அந்தச் சமன்பாடு உடம்பில் உறைக்கும் இடம் இது. மணிக்கு 100-இல் ஐம்பது மீட்டரில் நிற்கும் வண்டிக்கு 200-இல் இருநூறு மீட்டர் வேண்டும். அடிப்படை தெரிந்தவனுக்கு இது அரிய பாடம். முதல் நாள் வருபவனுக்கு அச்சம் மட்டுமே மிஞ்சக்கூடும். அச்சம் வந்தவன் வளைவைப் பார்க்கமாட்டான், வேகமானியைத்தான் பார்ப்பான்.

தவறினால் வண்டி எங்கே போய் நிற்கும் என்பது அடுத்தது. வளைவின் வெளிப்புறத்தில் விடப்படும் காலி இடம் தார்ப்பரப்பாக இருக்கலாம், சரளைக்கல்லாகவோ புல்லாகவோ இருக்கலாம். தார்ப்பரப்பு மன்னிக்கும், வெளியே போன வண்டியைத் திருப்பி உள்ளே கொண்டுவந்துவிடலாம். ஆனால் அதனாலேயே தவறு தவறாகத் தோன்றாமல் போகும். சரளை உடனே தண்டிக்கும். வண்டி புதைந்துகொண்டால் இழுத்து எடுக்கும்வரை மற்ற மாணவர்களின் ஓட்டமும் நின்றுவிடும். எனக்குத் தோன்றுவது, காருக்கு மெதுவான வளைவுகளில் சரளையோ புல்லோ இருந்தால் கெடுதல் இல்லை. வேகமான வளைவுகளில் எதுவானாலும் சுவர் தூரத்தில் இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் என்றால் இந்தக் கடைசி விதியில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இந்த நிலைக்கு நம் நாடு வந்து அதிக காலம் ஆகவில்லை. சென்னைக்காரர்கள் முன்பு பந்தயம் பார்க்கப் போனது சோழவரத்துக்கு. அது இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம். 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்தான் பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடத்தை அமைத்தது. செட்டிபாளையத் தடம் 1995-இல் வான் விபத்தில் இறந்த கரிவர்தன் பெயரைத் தாங்குகிறது. குறைந்த செலவில் இளைஞர்கள் பந்தயம் பழக ஃபார்முலா மாருதி வண்டிகளை வடிவமைத்தவர் அவர். நரேன் கார்த்திகேயன் பிரான்சின் எல்ஃப் வின்ஃபீல்டு பள்ளியில் பயின்று திரும்பியதும் ஓட்டியது அந்த ஃபார்முலா மாருதியைத்தான்.

பல நாள் பயிற்சியில் வானிலையையும் எடைபோட வேண்டும். ஒரு நாள் என்றால் வெயிலைப் பொறுத்துக்கொள்ளலாம். சென்னையில் மே மாதம் தோல் உடையும் ஹெல்மெட்டும் அணிந்து மூன்று நாள் ஓட்டினால், மூன்றாம் நாள் பிற்பகலில் உடம்பில் நீரும் இருக்காது, மனத்தில் கவனமும் இருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஈரத்தடத்தில் ஓட்டுவது நல்ல பாடம்தான். ஆனால் மூன்று நாளும் கொட்டினால் பணம் போனதுபோலத்தான். தில்லிப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் காலை மூடுபனி ஓட்ட நேரத்தைத் தின்றுவிடும். கோயம்புத்தூரில் வெயில் சற்றுத் தணிவு. தங்குமிடம் தடத்துக்கு அருகில் இருப்பதும் இதில் சேரும். விடியற்காலையில் எழுந்து நகர நெரிசலைக் கடந்து வருபவன் முதல் ஓட்டத்துக்கு முன்பே களைத்திருப்பான்.

எங்கே போட்டியிடப் போகிறான் என்பதையும் நண்பரிடம் கேட்டேன். தேசியப் போட்டிகளின் சுற்றுகள் பெரும்பாலும் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் நடக்கின்றன. பின்னால் போட்டியிடும் தடத்திலேயே கற்றால், ஒவ்வொரு வளைவின் அடையாளமும் முதல் பந்தயத்துக்கு முன்பே மனத்தில் பதிந்திருக்கும்.

பள்ளியிடம் எழுத்தில் கேட்கச் சொன்னவை சில. முழுத் தடத்திலா, சுருக்கிய தடத்திலா ஓட்டம்? நாளொன்றுக்கு உண்மையில் எத்தனை நிமிடம் தடத்தில்? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்? வண்டி பழுதானால் மாற்று வண்டி உண்டா, சேதத்துக்கு யார் பொறுப்பு? ஆம்புலன்சும் மருத்துவரும் ஓட்டம் நடக்கும் நேரம் முழுவதும் தடத்தில் இருப்பார்களா? பள்ளி தரும் சான்று போட்டி உரிமத்துக்கு ஏற்கப்படுமா? ஆம்புலன்ஸ் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் மற்றவற்றைப் படிக்கவே வேண்டாம் என்றேன்.

பையனுக்கு நொய்டா இல்லை என்றதும் முகம் வாடிவிட்டது. கடைசியில் செட்டிபாளையத்தில் பிப்ரவரி மாதத்து மூன்று நாள் வகுப்பில் சேர்ந்தான். திரும்பி வந்தபோது தடத்தைத் தாளில் வரையச் சொன்னேன். ஒவ்வொரு வளைவிலும் எங்கே பிரேக், எங்கே திருப்பம், எங்கே மீண்டும் ஆக்ஸிலேட்டர் என்று நிறுத்தாமல் குறித்துக் கொடுத்தான். ஒரு வளைவில் மட்டும் பென்சில் சிறிது தயங்கியது. இரண்டாம் நாள் வண்டி சுழன்றது அங்கேதானாம்.